இருபத்திரண்டு அட்டைகளில் ஓர் எரிமலை

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. பள்ளிப் பதிவேடுகள், கணக்குப் புத்தகங்கள், மாணவர்களின் ஆய்வேடுகள் ஆகியவைதான் அன்றாட வேலை. போன புரட்டாசியில் ஒரு நாள் மாலை, பதினோராம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நெருப்பு நிறத்தில் செங்குத்தாக எழும்பிய சிகரம், அதன் காலடியில் பரந்து கிடக்கும் லாவா. வெள்ளிக் கோளில் உள்ள மாட் மான்ஸ் எரிமலை அது.

“சித்தப்பா, செவ்வாயில் இருக்கும் ஒலிம்பஸ் மான்ஸை இதே மாதிரி அட்டையில் செய்து தருவீர்களா? பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டும்” என்றாள்.

எனக்குச் சின்ன வயது முதல் கோள்களின் படங்கள் என்றால் உயிர். அந்தப் படத்தையும் முன்பே பார்த்திருக்கிறேன். 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றிய மெகல்லன் விண்கலம் ரேடாரால் எடுத்த அளவுகளைக் கொண்டு கணினியில் உருவாக்கியது. அதில் உயரத்தை மட்டும் 22.5 மடங்கு இழுத்திருக்கிறார்கள். மாட் மான்ஸின் உண்மையான உயரம் சுமார் 8 கி.மீ. தான். மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று செய்ததில் தவறில்லை. ஆனால் எத்தனை மடங்கு என்ற குறிப்பு படத்தை விட்டு எங்கோ போய்விட்டது, படம் மட்டும் ஊர் சுற்றுகிறது. பார்க்கிற பிள்ளைகள் வேற்றுக் கோள்களின் எரிமலைகள் எல்லாம் ஊசிக் கோபுரங்கள் என்று நம்பிவிடுகிறார்கள். எனக்கு இது நெடுநாள் மனக்குறை. ஆகவே ஒரு நிபந்தனை சொன்னேன்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். ஒரு மடங்குகூட இழுக்கக் கூடாது.

ஒலிம்பஸ் மான்ஸின் குறுக்களவு சுமார் 600 கி.மீ. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து அதன் உயரம் சுமார் 22 கி.மீ. பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 60 செ.மீ. அகலம், 22 மி.மீ. உயரம். அதாவது 1 கி.மீ.க்கு 1 மி.மீ. என் கடையில் 1 மி.மீ. கிரே போர்டு கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஓர் அட்டை, 22 அட்டை வைத்தால் மலை முடிந்தது. கணக்கு இப்படிக் கைக்குள் வந்து உட்கார்ந்ததும் எனக்கு அன்றிரவே கத்தியை எடுக்கத் தோன்றியது.

அவள் முகம் வாடிவிட்டது. “இரண்டு சென்டிமீட்டர்தானா? தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தது போல இருக்குமே?”

“மலையே அப்படித்தான் இருக்கிறது. அப்படியே செய்வோம்” என்றேன்.

அவளுக்குப் பிடிபட ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். இதே அளவில் எவரெஸ்ட் 9 அட்டைக்குச் சற்றுக் குறைவு. அந்தமானில் உள்ள பாரன் தீவு, நம் நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை, சுமார் 3 மி.மீ. அகலமுள்ள புள்ளி, உயரமோ அட்டையில் பாதித் தடிமன்கூட இல்லை. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் 600 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஒலிம்பஸ் மான்ஸைக் கொண்டுவந்து நம் மாநிலத்தின்மேல் வைத்தால் அந்த நீளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அது அடைக்கும் பரப்பு தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு அகலமும் 22 கி.மீ. உயரமும் சேர்ந்தால் சரிவு சராசரியாகச் சுமார் 5 டிகிரிதான் வரும். நீர்த்த லாவா தூரம் தூரமாக ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து எழுந்த மலை. ஹவாய்த் தீவின் எரிமலைகளும் இந்த வகைதான். ஆனால் அங்கே பூமியின் தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், அடியிலிருந்து பாறைக்குழம்பைத் தரும் வெப்ப ஊற்று ஒரே எரிமலைக்கு நிலைத்து ஊட்ட முடியாமல் வரிசையாகப் பல எரிமலைகள் பிறந்தன. செவ்வாயில் மேலோடு அப்படி நகரவில்லை. ஒரே இடத்தில் லாவா கோடிக்கணக்கான ஆண்டுகள் குவிந்தது. ஈர்ப்பும் பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான் என்பதால் அவ்வளவு பாரத்தை அந்த நிலம் தாங்கி நிற்கிறது.

உயர அளவுகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் மோலா என்ற லேசர் உயரமானி இருந்தது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி விநாடிக்கு 10 முறை லேசர் துடிப்பை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டது. 2001 வரை சேர்ந்த அந்த அளவுகள் இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் அதைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு கி.மீ. உயரத்துக்கும் ஒரு சமவுயரக் கோடு வரைந்தாள்.

முதல் வரைபடத்தில் மலை முட்டை வடிவில் நீண்டிருந்தது. செவ்வாயின் நடுக்கோட்டிலிருந்து 18 டிகிரிக்கும் மேல் வடக்கே இருக்கும் இடத்தை, அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரே அளவுச் சதுரங்களாக வரும் கட்டத்தில் விரித்தால் கிழக்கு மேற்காக 5 சதவீதம் நீண்டுவிடும். மலையையே மையமாக வைத்து மறுபடி விரித்ததும் சரியானது. அடுத்து, வீட்டு வரைபடம் அச்சிடும் கடையில் பெரிய தாளில் எடுத்தோம். அங்கே தாளுக்குப் பொருத்தும்படி சுருக்கி அச்சிட்டுவிட்டார்கள். 100 கி.மீ. கோடு 10 செ.மீ. இருக்க வேண்டும், இரும்பு ஸ்கேலை வைத்தால் 9.4 காட்டியது. இதைச் செய்யப்போகிறவர்கள் அச்சு கைக்கு வந்ததும் அளவுக்கோட்டை அளந்துவிட்டுத்தான் கடையை விட்டு நகர வேண்டும்.

வெட்டும் வேலை என் தொழில், அதில் சிரமமில்லை. வளைந்த கோட்டை வெட்டும்போது கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்ப வேண்டும். மணிக்கட்டு ஒரே நிலையில் இருந்தால் விளிம்பு செங்குத்தாக விழும். இரண்டு அட்டைக்கு ஒரு புது பிளேடு மாற்றினேன். உள்ளே வெற்றிடம் விட்டு வளையங்களாக வெட்டினால் பாதி அட்டை மிச்சமாகும். ஆனால் கண்காட்சியில் பிள்ளைகள் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் முழு அட்டையாகவே வைத்தேன்.

ஒட்டுவதற்கு எங்கள் கடையின் வழக்கமான மைதாப் பசை. கொதிக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆறு அட்டை ஒட்டியிருந்தேன். கடலூரில் வடகிழக்குப் பருவமழை என்றால் சுவரே வேர்க்கும். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அட்டையின் விளிம்புகள் சுற்றிலும் மேலே எழும்பி, அடுக்கு முழுவதும் தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. மேல்பக்கத்துப் பசை காயும்போது அந்தப் பக்கத்தை இழுத்துவிட்டது. ஓர் இடத்தில் பூஞ்சையும் பூத்திருந்தது. புத்தக அட்டைக்கு இந்த இழுவை வரும் என்று தெரிந்துதான் உள்பக்கமும் தாள் ஒட்டிச் சமன்செய்கிறோம். இவ்வளவு பெரிய அட்டையில் அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நிமிர்த்த வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “சித்தப்பா, குழியாமல் தட்டையாக இருந்தாலும் தப்புதானே? செவ்வாய் உருண்டை ஆயிற்றே?”

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ. எங்கள் அளவில் 3.39 மீட்டர். மலையின் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி விளிம்புக்கு வரும்போது கோளின் வளைவால் மட்டும் தரை எவ்வளவு இறங்கும்? 300-ஐ 300-ஆல் பெருக்கி, 3,390-இன் இரு மடங்கால் வகுத்தால் 13. நான் இரண்டு முறை சரிபார்த்தேன். 22 மி.மீ. உயரமுள்ள மலைக்கு அடியில் கோளே 13 மி.மீ. வளைகிறது! மோலா தரும் உயரங்கள் அந்த வளைந்த பரப்பிலிருந்து அளந்தவை. தட்டைப் பலகைமேல் நான் அடுக்கியபோது கோளின் வளைவு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. உயரத்தை இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோளைத் தட்டையாக்கியிருக்கிறேன். அந்த ஆறு அட்டைகளையும் பிரித்துப் போட்டோம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில், நடுவே 3.39 மீட்டர். முதலில் பைண்டிங் நூலைக் கட்டினேன். அது இழுக்க இழுக்க நீண்டது. கட்டுக்கம்பிக்கு மாறினேன். அவள் ஆணியைப் பிடித்துக்கொள்ள, தரையில் விரித்த தாளின்மேல் மெதுவாகப் பென்சிலை ஓட்டினேன். நான் இழுத்த கோட்டை நானே குனிந்து பார்த்தபோது உடல் சிலிர்த்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய செவ்வாயின் விளிம்பு, எங்கள் வீட்டு மாடியில் ஒரு முழ நீளத்துக்கு மேல் கிடந்தது. பூமிக்கு இதே கோடு போட வேண்டுமானால் 6.37 மீட்டர் கம்பி வேண்டும். மாடியில் அவ்வளவு இடம் இல்லை.

அந்த வளைவைப் பக்கத்துக் கடை ஆசாரி எட்டு பிளைவுட் சட்டங்களாக அறுத்துக் கொடுத்தார். குடைக் கம்பிகள் போல மையத்திலிருந்து அவற்றைப் பொருத்தினேன். மலையைச் சுற்றிச் சமவெளியும் தெரியட்டும் என்று அடித்தளத்தை 80 செ.மீ. ஆக்கினேன், அதனால் விளிம்பில் இறக்கம் 24 மி.மீ. வந்தது. தட்டை அட்டை அப்படியே உருண்டையின்மேல் படியாது. மையத்தை நோக்கி எட்டு இடங்களில் கீறி, விளிம்பில் முக்கால் மி.மீ. அகலத்துக்குச் சீவி எடுத்தேன். கத்திக் கோட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அது போதுமானதாக இருந்தது. பிறகு அடிப்பக்கத்தில் தாள் ஒட்டினேன். முன்பு என்னைக் கெடுத்த அதே இழுவை இப்போது எனக்காக வேலை செய்தது. அடிப்பக்கத் தாள் காய்ந்து இழுக்க, அட்டை சட்டங்களின்மேல் கச்சிதமாகக் கவிந்து உட்கார்ந்தது.

தட்டையான பிரஸ்ஸில் இனி வைக்க முடியாது. பழைய வேட்டித் துணியில் சிறுசிறு மூட்டைகளாக மணல் கட்டி, ஒவ்வொரு அட்டையையும் ஒட்டியபின் மேலே பரப்பினேன். ஒரு நாளைக்கு ஓர் அட்டைதான். ஐந்து அட்டைக்கு ஒரு முறை மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்தேன். பசையோடு சேர்ந்து 22 அட்டைக்கு 22.4 மி.மீ. வந்தது. 400 மீட்டர் தவறு. அதை ஏற்றுக்கொண்டேன்.

இந்த மலையின் அடிவாரத்தில்தான் கத்தி தோற்றது. ஒலிம்பஸ் மான்ஸைச் சுற்றி ஒரு மதில் ஓடுகிறது. சில இடங்களில் 8 கி.மீ. வரை உயரம், ஏறக்குறைய ஓர் எவரெஸ்ட் உயரத்துக்கு நிற்கும் சரிவு. மலையின் ஓரங்கள் பெயர்ந்து சரிந்ததற்கான இடிபாடுகள் வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் சிதறிக் கிடப்பதையும் விண்கலப் படங்கள் காட்டுகின்றன. வேறு சில இடங்களிலோ பிற்பாடு வழிந்த லாவா மதிலை மூடிச் சரிவாக்கிவிட்டது. வரைபடத்தில் மதில் வரும் இடத்தில் ஏழெட்டுக் கோடுகள் ஒன்றாக நெருங்கிக் கறுப்புப் பட்டையாகிவிட்டன. அங்கே அட்டையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புதுச்சேரிப் பக்கம் திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மைகள் செய்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். பஸ் ஏறிப் போனேன். அங்கே ஓர் அம்மா என் அட்டையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒரே தடவையில் தடியாக அப்பாதீர்கள். மெல்லியதாகப் பூசி நிழலில் காயவிட்டு, மறுபடி பூசுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்” என்றார். கூழின் பதத்தையும் விரலில் எடுத்துக் காட்டினார். இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் நார் தட்டுப்படக் கூடாது.

மதிலை மூன்று பூச்சில் எழுப்பினேன். மற்ற சரிவுகளில் படிகளை மறைப்பதற்கும் கூழ்தான். ஒவ்வொரு படியும் 1 மி.மீ. உயரம், சுமார் 11 மி.மீ. அகலம். கட்டைவிரலின் பக்கவாட்டால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தால் படி மறைந்து சரிவு தெரிகிறது. லாவா ஓடிய திசையும் அதுதான். ஓரிரு மணி நேரத்துக்குப் பின் விரல் தானாகவே அந்த 5 டிகிரியை அறிந்துகொண்டது.

உச்சியில் உள்ள கால்டெராவைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு வடிந்ததும் மேற்கூரை உள்ளே அமிழ்ந்து உண்டான குழி. 80 கி.மீ. நீளம், 60 கி.மீ. அகலம், 3 கி.மீ. ஆழம். புதுச்சேரியும் சீர்காழியும் அதன் நீள்வாட்டில் இரு கரைகளில் நிற்கும். இது ஒரே முறை விழுந்த குழி இல்லை. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஆறு குழிகள் இருக்கின்றன. எதை முதலில் வெட்டுவது? அவள் வண்ணத் தாளில் ஆறு வட்டங்கள் வெட்டி, படத்தைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றி அடுக்கினாள். எந்தக் குழியின் விளிம்பு முழு வட்டமாக இருக்கிறதோ அது கடைசியில் விழுந்தது. எதன் விளிம்பை மற்றவை கடித்திருக்கின்றனவோ அது மூத்தது. நடுவில் உள்ள பெரிய குழிதான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்று அவளே கண்டுபிடித்தாள். அதே வரிசையில் மேல் மூன்று அட்டைகளில் வெட்டினோம். கல்லைத் தொடாமல், படத்தை மட்டும் வைத்து எது முன், எது பின் என்று சொல்லிவிட முடிகிறது. எத்தனை ஆண்டு என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. விண்கல் விழுந்த குழிகளை எண்ணுவார்கள். அதிகம் இருந்தால் பழைய தரை, குறைவாக இருந்தால் புதியது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் படங்களில் அப்படி எண்ணிப் பார்த்து 2004-இல் வெளியான ஆய்வு, மலையின் ஓரத்தில் உள்ள சில லாவாத் தரைகளுக்கு 20 லட்சம் ஆண்டுகள்தான் வயது என்றது. கோளின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்று.

நிறத்துக்கு வாங்கிய சாயம் எதுவும் வேண்டாம் என்றேன். கேப்பர் மலையில் நண்பரின் முந்திரித் தோப்பிலிருந்து ஒரு பை செம்மண் வந்தது. நம் செம்மண்ணுக்கும் செவ்வாய்க்கும் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடுதான். வேட்டித் துணியில் மூன்று முறை சலித்ததும் மஞ்சள் தூள் போல மென்மையாகக் கிடைத்தது. செவ்வாயின் அந்தப் பகுதியில் தூசி வெளிர் நிறம் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்தேன். நீர்த்த பசை தடவி, துணியில் முடிந்து மேலே தட்டித் தட்டித் தூவினோம். தூசு படியப் படியச் சமவெளியிலிருந்த பென்சில் கோடுகள் முதலில் மறைந்தன. 1971 நவம்பரில் மாரினர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கோள் முழுவதும் புழுதிப் புயல் மூடியிருந்தது. நான்கு கறுப்புப் புள்ளிகள் மட்டும் புழுதிக்கு மேலே தெரிந்தன. புயல் அடங்கியதும்தான் அவை நான்கும் எரிமலை உச்சிகள் என்று தெரிந்தது. அவற்றில் ஒன்று ஒலிம்பஸ் மான்ஸ். அதுவரை தொலைநோக்கியில் வெண்புள்ளியாகத் தெரிந்த அந்த இடத்துக்கு ஒலிம்பஸின் பனி என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. இதை அவளிடம் சொல்லிக்கொண்டே தூவினேன், அவள் கால்டெராவின்மேல் மட்டும் கையைக் குடை போலப் பிடித்துக்கொண்டாள்.

தை பிறந்து முதல் வாரத்தில் வேலை முடிந்தது. கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு சிவந்த மேடு, அவ்வளவுதான். அவள் கைப்பேசியை நேர் மேலே 40 செ.மீ. உயரத்தில் பிடித்தாள். எங்கள் அளவில் அது 400 கி.மீ., ஏறக்குறைய மோலா பறந்த உயரம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். உடனே மதில் எழுந்தது, கால்டெராவின் ஆறு விளிம்புகளும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோனதும் கைப்பேசிப் படத்தில் குழி மேடாகப் புடைத்துத் தெரிந்தது. விண்கலப் படத்தைப் பார்க்கும்போது வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்டியிருக்க முடியாது.

மறுநாள் காலை, சூரியன் எழுந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தெருவில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தோம், மதில் உயரமாக இருக்கும் பக்கம் மேற்கே பார்க்கும்படி. கிழக்கு வெயில் மலையைத் தழுவிக்கொண்டு வந்து, மதிலுக்கு அப்பால் ஒரு விரல் நீளத்துக்கு நிழலை இழுத்துப் போட்டிருந்தது. 8 மி.மீ. மதிலுக்கு ஒரு விரல் நிழல். லேசர் உயரமானி வருவதற்கு முன் நிழலின் நீளத்தை வைத்தும் உயரங்களைக் கணக்கிட்டார்கள். அவளும் ஸ்கேலை வைத்து அளந்து குறித்துக்கொண்டாள்.

பிறகு நம் மங்கள்யானின் பாதையை நடந்து பார்க்கலாம் என்றாள். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த அந்தக் கலத்தின் சுற்றுப்பாதை மிக நீண்டது. அருகில் வந்தால் சுமார் 420 கி.மீ., விலகிப் போனால் சுமார் 77,000 கி.மீ. எங்கள் அளவில் 42 செ.மீ., 77 மீட்டர். டேப்பைப் பிடித்து அளந்தோம். எங்கள் தெருவில் 77 மீட்டர் என்பது பால் பூத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் எங்கள் மலை முழு நிலவைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. அவள் அங்கே நின்று ஒரு படம் எடுத்துவிட்டு, கடையை நோக்கி நடந்து வந்தாள். பத்தடிக்கு ஒரு முறை நின்று படம் எடுத்தாள். எட்டாவது படத்தில் மதிலின் நிழல் முதன்முதலாகக் கோடாகத் தெரிந்தது.